சட்டியைப் பார்க்காத டிரசர்

“…சும்மா குடுக்குறதுக்குக் கை நீட்டுறவரு, வெல குடுத்து வாங்குன ஆளு மாதிரி முன்னால நிக்கிறீங்களே, டிரசரய்யா.”

இதைச் சொன்னவள் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மூத்திரச் சட்டி கழுவியவள். நான் அங்கே டிரசர், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கிறவன். சொன்ன இடம் என்னுடைய மருந்தறை. அன்று ஞாயிற்றுக்கிழமை, அந்த அறைதான் எங்களுக்குக் கோயில். பாதிரியார் அப்பத்தை எடுத்துக்கொண்டு எனக்கு நேரே நின்றார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியும் அவர் மனைவியும் எனக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சபையார் முப்பது பேர். அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்து அவள் ஒன்று செய்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால், சிரித்துவிட்டு மீதியைப் படிக்காமல் போய்விடுவீர்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதியதை மூன்று நாள் பெட்டியில் போட்டு வை என்பார்கள். போட்டு வைத்தேன். மூன்று நாள் கழித்து எடுத்துப் படித்தேன். இன்னும் இரண்டு வரி சேர்க்கத்தான் தோன்றியது.

கோபத்துக்குக் காரணம் உங்களில் ஒருவர். குளுவாங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பையன், நல்ல படிப்பு, நான் கனவிலும் எழுதியிராத பரீட்சையெல்லாம் எழுதியிருக்கிறார். காப்பி குடிக்குமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்ததும் தன் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “இந்த ஆளுங்க வாயத் தொறந்தா பொய்தான் சார். கடவுள் கிருபையில எனக்கு ஆளைப் பாத்தாலே எடை போடத் தெரியும்.”

கிருபையில் எடை போடுகிறாராம். அந்தச் சொல்லைக் கேட்டதும் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மேல் வந்த கோபம் கால்பங்குதான். முக்கால்பங்கு, இருபது வருஷத்துக்கு முன் அதே சொல்லை அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு டிரசர் மேல். அந்த டிரசர் நான்தான்.

நான் எப்படி டிரசர் ஆனேன் என்று முதலில் கேளுங்கள். ஜொகூர் பாருவில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து சீசா கழுவும் வேலை. அதற்கு மேல் எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. சீசாவில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். எந்தச் சீசாவிலிருந்து எவ்வளவு ஊற்றுகிறார்கள், ஊற்றிய பிறகு நோயாளி என்ன ஆகிறான் என்று ஓரமாக நின்று பார்ப்பேன். அங்கே ஒரு வயசான டிரசர் இருந்தார். அவர் என்னைத் துரத்தாமல் விட்டார். எனக்குக் கிடைத்த கல்லூரி அவ்வளவுதான். அவர் ஒன்று சொல்வார்: “சீக்காளி பொய் சொன்னாலும் சீக்கு பொய் சொல்லாது.” எனக்குச் சொலவடை என்றால் உயிர். யார் எது சொன்னாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். இதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு தோட்டத்தில் உதவி ஆள். அதன் பிறகு காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் முழு டிரசர். வெள்ளைக் கோட்டு, தனி வீடு, துரையே பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு தகுதியும் இல்லாதவனைத் தூக்கி நிறுத்தியது கர்த்தருடைய கிருபைதான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்பிக்கையில் கோளாறு இல்லை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதில்தான் கோளாறு. “எல்லாம் கிருபை” என்று சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் வந்தது. பார், கர்த்தர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று எல்லாருக்கும் காட்டுவதுபோல. அற்பனுக்கு வாழ்வு வந்த கதைதான்.

எங்கள் லாரி ஓட்டிய மலாய்க்காரர் ஒருநாள் வயலைக் காட்டி, கதிர் முற்ற முற்றத் தலை சாயும் என்று அவர்கள் பாஷையில் சொன்னார். அழகாக இருக்கிறதே என்று அதையும் எழுதிக்கொண்டேன். எனக்காகத்தான் சொன்னார் என்பது உறைக்கவேயில்லை.

அந்தத் தோட்டத்தில் விடியும் முன் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், கங்காணி பேர் கூப்பிடுவார், குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, வராமலிருக்க நான் ஒவ்வொருவர் வாயிலும் கொயினா மருந்து ஊற்றுவேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் வேலைக்குப் போகலாம். கசப்புத் தாங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க ஆசைப்பட்டு வெற்றிலைச் சாற்றைச் சட்டியில் துப்பி, “ரத்தமா போவுதுங்க” என்று காட்டியவன் ஒருவனும் உண்டு. நான் அதைக் கண்டுபிடித்துத் துரையிடம் பாராட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பாராட்டுதான் வினையாக வந்தது. ஒருவனிடம் ஏமாறாத கெட்டிக்காரன், அதற்குப் பிறகு எல்லாரிடமும் ஏமாறாமல் இருக்கப் பார்ப்பான்.

முனியன் என்று ஒரு பால்வெட்டு ஆள். அந்தத் தோட்டத்தில் பழைய ஆள், குளிர்காய்ச்சல் வந்து வந்து போன உடம்பு. ஒருநாள் பெரட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்றான். “இதக் குடிச்சா ஒண்ணுக்குக் கருப்பா போவுதுங்க.” கங்காணி சிரித்தார். இன்னொரு வெற்றிலைக்காரன் வந்துட்டான் டிரசரே என்றார். நான் முனியன் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். மூக்கைப் பிடித்த விரல்களில் அவன் உடம்புச் சூடு தெரிந்தது. தெரிந்தும் என் மனசு நின்றது, நான் ஏமாறவில்லை என்பதில்தான்.

மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுக்கம், வாந்தி. சாதாரணக் குளிர்காய்ச்சல் என்று எழுதி, வேளைக்கு வேளை கொயினா என்று எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சட்டி கழுவுகிற பெண் மருந்தறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வர மாட்டாள், வரக்கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. வா என்றும் நான் சொன்னதில்லை.

“முனியன் சட்டியக் கொஞ்சம் பாருங்கய்யா. கோப்பித் தண்ணி மாதிரி இருக்கு.”

வெற்றிலைச் சாறாக இருக்கும், கொண்டுபோய் ஊற்று என்றேன்.

“வெத்தில இல்லிங்கய்யா, அவரு பல்லுல ஒண்ணும் படல நேத்துலேருந்து. எங்க வீட்டுக்காரருக்கும் இப்புடித்தான்…”

நான் முடிக்க விடவில்லை. சட்டி கழுவுகிறவளுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன். அவள் போய் ஊற்றிவிட்டாள்.

தம்பிமார்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவளும் எங்கள் சபைதான். என்னைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவள். அந்தத் தோட்டத்தில் இருந்த முப்பது கிறிஸ்தவர்களும், சபையில் சாதி இல்லை என்று வாய் வலிக்கச் சொல்கிறவர்கள். ஆனால் பாதிரியார் ரயிலில் வந்து அப்பமும் ரசமுமாக இராப்போஜனம் கொடுக்கும் நாளில் வரிசை எப்படி நிற்கும் தெரியுமா? நான் முதலில். பிறகு கிராணி வீட்டார். பிறகு மற்றவர்கள். அவள் கடைசி. அவள் குடித்த பாத்திரத்தில் அவளுக்குப் பின் யாரும் வாய் வைக்க வேண்டாம் என்பதற்காகக் கடைசி. யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் உத்தரவு போடாமலே நடக்கிற அநியாயத்துக்குத்தான் ஆயுள் அதிகம். கிருபை என்றால் தகுதி இல்லாதவனுக்குக் கிடைப்பது. எனக்குத் தகுதி இல்லை என்று ஒப்புக்கொண்டு வாங்கியவன், பக்கத்தில் நிற்பவளிடம் தகுதிச் சீட்டுக் கேட்கலாமா? நாங்கள் கேட்டோம். மாதாமாதம், வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன்னால் நின்று கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை. மருந்தறைப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டோம், சீசாக்களை அலமாரிக்குள் தள்ளினோம். முனியனுக்கு அடுத்த வேளைக் கொயினாவை அளந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, காகிதம் போட்டு மூடி, ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஆராதனை முடிந்ததும் கொடுக்க வேண்டும். அவள் மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். இன்னும் அப்படித்தான் இருக்குது, கண்ணும் மஞ்சளாயிருச்சு என்றாள். பாதிரியார் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் மூத்திரப் பேச்சா என்று எனக்குக் கூச்சம். ஆராதனை முடியட்டும் போ என்று கையை வீசினேன்.

அன்று நான் சாட்சி சொல்லும் நாள். எழுந்து நின்றேன். சீசா கழுவிய கதையைச் சொன்னேன். நன்றாகச் சொல்வேன், பேச்சு எனக்கு வராதது அல்ல. புழுதியிலிருந்து என்னைத் தூக்கி எடுத்த கிருபை என்று சொன்னபோது கிராணி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் முனியன் முனகியது எனக்குக் கேட்டது. குரலை உயர்த்திப் பேசினேன். அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சாட்சி பாதியில் இருக்கும்போது அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். சாட்சி முடிந்தது, வரிசை நின்றது. மருந்தறையில் முழங்காலிட இடம் இல்லை, நின்றபடியேதான் வாங்குவோம். நான் முதலாவதாக நின்றேன். வலது கையை இடது கை மேல் வைத்து நீட்டினேன். அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். வாசலைத் தாண்டி, பெஞ்சுகளுக்கு நடுவே, நேராக. முதலில் அவள் சொன்னது இதுதான்: “அந்தக் குவளையில உள்ளதக் குடுத்தீங்கன்னா அந்த ஆளு செத்துருவாரு. இதோட மூணுதரம் சொல்லிட்டேன்.” அதன் பிறகுதான் நான் முதல் வரியில் எழுதியதைச் சொன்னாள்.

அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் அந்தச் சட்டியில் இருந்ததை நான் பார்த்தேன். அது எப்படி நடந்தது என்பதைத்தான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. கருநீர்க் காய்ச்சல். பழைய குளிர்காய்ச்சல் உடம்பில் சில பேருக்குக் கொயினாவே அதைக் கிளப்பிவிடும், அதற்கு மேல் கொயினா கொடுப்பது நெருப்பில் எண்ணெய். இது எனக்குத் தெரியாததா? தெரியும். சீசா கழுவிய நாளிலேயே தெரியும். தெரிந்தது நமக்கு உதவாமல் போவது அறிவுக் குறைவால் அல்ல, தம்பி. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துக் காதை மூடிக்கொள்வதால்.

ஜன்னல் குவளையை எடுத்து வெளியே ஊற்றினேன். பாதிரியாரை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினேன். ஆளை அசைக்காமல், தண்ணீரும் சோடா உப்பும் பார்லிக் கஞ்சியும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்றால் நானும் அவளும். சட்டிக்குச் சட்டி நிறத்தைப் பார்த்துச் சொன்னவள் அவள்தான். குளுவாங்கிலிருந்து டாக்டர் மறுநாள் மாலைதான் வர முடிந்தது. அதற்குள் நிறம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. முனியன் பிழைத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. டாக்டர் என் தோளைத் தட்டினார். இன்னொரு வேளை கொடுத்திருந்தால் போயிருப்பான், நல்ல நேரத்தில் கண்டுபிடித்தாய் என்றார். அவள் நாலடி தள்ளிச் சட்டியோடு நிற்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“எல்லாம் கிருபை, டாக்டர்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன், தாழ்மையாம். அடுத்தவள் உழைப்பைக் களவாண்டு அதைக் கடவுள் பேரில் போட்டேன். முனியன் வாயில் நான் ஊற்றிய கொயினா அறியாமையில் சேரும், திமிரில் சேரும். இது திருட்டு. முதல் தப்பை மன்னிக்கச் சொல்லி நான் கேட்டதுண்டு. இதைக் கேட்க வாய் வர இரண்டு மாதம் ஆயிற்று.

ஆயிற்று என்று சொல்கிறேனே, அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. பாதிரியார் அதற்குப் பின் இரண்டாம் முறை வந்தபோது நான் சபை நடுவில் எழுந்து நின்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். இனி நான் கடைசியில் நிற்பேன், இந்த அம்மா முதலில் நிற்பார் என்று அறிவித்தேன். கிராணி மனைவிக்கு மறுபடியும் கண்ணீர். எனக்குள்ளும் ஒரு மிட்டாய் கரைந்தது. அவள் மட்டும் நகரவில்லை.

“என்னைய முன்னால தள்ளிவிட்டு நீங்க பெரியாளாவாதீங்கய்யா,” என்றாள். “காலையில பின்படிக்கு வாங்க. அது போதும்.”

மருந்தறைக்குப் பின்னால் இரண்டு படி. அங்கேதான் விடிந்ததும் சட்டிகளை வரிசையாக வைத்து, சேம்பிலையால் மூடி வைப்பாள். மறுநாள் போனேன். ஒவ்வொரு இலையாகத் தூக்கிக் காட்டினாள். இது நேத்தவிட பரவால்ல, இது இப்பத்தான் புடிச்ச பிஞ்சுக் காய்ச்சல், இந்த அம்மா தண்ணியே குடிக்கல என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் மூன்று நாள் சட்டியைத் தள்ளிப் பிடித்தே பார்த்தேன். அவள் கவனித்தாள். “பைபிள் புடிக்கிற கைதானேங்கய்யா, கொஞ்சம் பக்கத்துல புடிச்சுப் பாருங்க” என்று சிரித்தாள். அந்தப் படியில்தான் அவள் புருஷன் கதையின் மீதியும் கேட்டேன். வேறொரு தோட்டத்தில் அவருக்கும் கோப்பித் தண்ணீராகப் போயிருக்கிறது. அங்கேயும் ஒரு டிரசர். அங்கேயும் மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். அன்று அவளுக்கு வாசலைத் தாண்டத் தைரியம் வரவில்லையாம். அதை அவள் தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே அந்த டிரசர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரைப் பிடிப்பது? என் கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இராப்போஜன வரிசையில் அதற்குப் பிறகு அவள் வந்த இடத்தில் நின்றாள். சில நாள் நடுவில், சில நாள் எனக்கு முன்னால், சில நாள் பின்னால். இரண்டு குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. அவர்களுக்காக ஜெபம் பண்ணினேன், அழவில்லை.

ஓய்வு பெறும் வரைக்கும் நான் வார்டுக்குள் போகுமுன் பின்படிக்குப் போனேன். உங்களுக்கு இப்போது குளுவாங்கில் ரத்தத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது, நல்லது. ஆனால் சட்டியை முதலில் பார்ப்பது கண்ணாடி இல்லை, ஒரு ஆள். அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிடுங்கள். பேச ஆரம்பித்தால் முடிக்க விடுங்கள். கிருபையால் வந்தோம் என்று சொல்கிற எவனுக்கும் அடுத்தவரை எடை போட உரிமை இல்லை. அவன் தராசிலேயே ஏறாமல் தப்பித்து வந்தவன். தராசை அவன் கையில் யார் கொடுத்தது?

சரி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். மருந்தறை, ஞாயிறு. பாதிரியார் அப்பத்தை எடுத்து என் பக்கம் நீட்டப்போனார். என் இரண்டு கையும் அதற்காக விரிந்திருந்தன. விலை கொடுத்து வாங்கிய ஆள் மாதிரி நிற்கிறீர்களே என்று சொல்லி முடித்தாள். சேலைத் தலைப்புக்கு அடியிலிருந்து முனியனுடைய சட்டியை எடுத்தாள். மேலே மூடியிருந்த சேம்பிலையை நீக்கிவிட்டு, நீட்டியிருந்த என் கையில் அதை வைத்தாள். சட்டி இன்னும் சூடாக இருந்தது.